யாரும் கேட்காமல் கொடுத்த அவுட்

எங்கள் பக்கத்து கிரிக்கெட்டில் அம்பயர் வெளியிலிருந்து வருவதில்லை. பேட்டிங் பிடிக்கிற டீமே தன் ஆட்களில் இரண்டு பேரை அம்பயராக நிறுத்த வேண்டும். சேலத்திலிருந்து வந்த வியாபாரி ஒருவர் இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சொந்த டீம் ஆளுக்கு எவன் அவுட் கொடுப்பான் என்று கேட்டார். கொடுப்பான். பீல்டிங் செய்கிற பதினொரு பேரும் வெயிலில் நிற்கிறார்கள். பேட்டிங் டீமில் ஒன்பது பேர் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் எழுந்து போய் நிற்க வேண்டியதுதான். பொய்யாக ஒரு அவுட்டை மறைத்தால் அடுத்த வருஷம் அந்த ஊருக்கு யாரும் ஆட வரமாட்டார்கள். இந்த ஒரு பயத்திலேயே எங்கள் காய்ந்த ஏரிக்குள் ஆட்டம் ஒழுங்காக நடந்து வந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கிரிக்கெட் மட்டையைக் கையில் தொட்டதில்லை. ஆனால் கள்ளக்குறிச்சிக்கும் சின்னசேலத்துக்கும் நடுவில் யாரைக் கேட்டாலும் என் சேகோ மில்லைக் காட்டுவார்கள். மண்டியில் கிழங்கு மூட்டை தூக்கியவன், அதே கிழங்கை அரைத்து ஜவ்வரிசியாக்கி வடநாட்டுக்கு லாரி அனுப்புகிறேன். கல்வராயன் மலையில் விளைகிற மரவள்ளியில் பெரும்பகுதி என் எடைமேடையில்தான் வந்து இறங்குகிறது. கிழங்கை எடைக்கு மட்டும் வாங்குவதில்லை. மாவு எவ்வளவு இருக்கிறது என்று பாயிண்ட் பார்த்து, அந்தப் பாயிண்டுக்குத்தான் விலை. இத்தனை வருஷத்தில் மலையிலிருந்து வந்த ஒரு விவசாயிகூட என் பாயிண்டை இன்னொரு முறை பார்க்கச் சொன்னதில்லை. இதை நான் கலியாண வீடுகளில் நாலு பேர் முன்னால் பெருமையாகச் சொல்லுவேன்.

சித்திரை மாதம் ஏரி காய்ந்ததும் நடக்கிற பந்தயத்துக்குக் கோப்பை என்னுடையது. மற்ற ஊரில் கொடுக்கிற கோப்பை முழங்கால் உயரம் இருக்கும். என்னுடையது இடுப்பு உயரம். தூக்க இரண்டு பேர் வேண்டும்.

எங்கள் ஊர் டீமுக்குக் கேப்டன் என் அக்கா மகன். அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா அப்பா போன பிறகு என்னைச் சோறு போட்டு வளர்த்தது அவள்தான். கரும்பு வெட்டப் போகிற இடத்தில் அவளுக்குக் கிடைத்த சாப்பாட்டை மடியில் கட்டிக்கொண்டு வந்து எனக்குக் கொடுப்பாள். நான் மில் கட்டியபோது, மேலே ஒரு மாடி போட்டு நீ வந்து இரு என்றேன். வரவில்லை. வீட்டுக்காரர் இறந்த பிறகும் அந்த ஓட்டு வீட்டிலேயே மகனோடு இருந்தாள். மகனை மட்டும் என் மில்லில் வேலைக்கு விட்டாள். அவன் லாரி ஓட்டினான். என் மகன் எடைமேடையில் உட்கார்ந்து பாயிண்ட் எழுதினான். இரண்டு பேரும் ஒரே வயது. ஒருவன் டீ குடிக்கப் போனால் இன்னொருவனுக்கும் சேர்த்து வாங்கி வருவான். ஒருவனை ஒருவன் மாப்ள என்பான், மச்சான் என்பான்.

மட்டையைப் பிடித்தால் அக்கா மகனுக்கு ஈடு எங்கள் மாவட்டத்திலேயே கிடையாது. இதை நான் சொந்தக்காரன் என்பதற்காகச் சொல்லவில்லை. உளுந்தூர்பேட்டை டீம்காரர்கள் அவனைக் காசு கொடுத்துக் கூப்பிட்டார்கள், போகவில்லை. என் மகனுக்கு ஆட்டம் சுமார்தான். கடைசியில் இறங்குவான், சீக்கிரம் திரும்புவான். அதனால் எங்கள் டீம் பேட்டிங் பிடிக்கும்போது அவன்தான் அம்பயர். நேர்மையான பையன் என்று எல்லா டீமும் ஒத்துக்கொள்ளும்.

அந்த வருஷம் பைனலுக்கு வந்தது வெள்ளிமலைப் பக்கத்து டீம். எல்லாரும் என் மில்லுக்குக் கிழங்கு போடுகிற வீட்டுப் பையன்கள். ஒரு மினி டெம்போவில் நின்றுகொண்டே மலை இறங்கி வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினார்கள். நன்றாகவே ஆடினார்கள்.

அக்கா அதுவரை ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. அன்று வந்தாள். மகன் கப்பு வாங்குவதைப் பார்க்க வேண்டும் என்று, பொங்கலுக்கு நான் எடுத்துக் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, நாலு பெண்களோடு கரையில் வேல மரத்தடியில் வந்து உட்கார்ந்தாள். நான் பரிசு மேடையிலிருந்து ஆள் அனுப்பி நாற்காலி போடச் சொன்னேன். வேண்டாம் என்று தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கடைசி ஓவர். இரண்டு பந்து பாக்கி, நாலு ரன் வேண்டும். அக்கா மகன் பேட்டிங். பந்தைக் காலுக்குப் பக்கமாகத் தள்ளிவிட்டு ஓடினான். ஒன்று முடிந்தது. இரண்டாவதுக்குத் திரும்பினான். தூரத்திலிருந்து மலைப் பையன் எறிந்த பந்து நேராகக் கீப்பர் கைக்கு வந்தது. கீப்பர் ஸ்டம்பைத் தட்டினான். அக்கா மகன் மட்டையை நீட்டிக்கொண்டு மண்ணில் விழுந்தான். புழுதி எழும்பியது.

எங்கள் ஊர் ஜனம் முழுக்க இரண்டு ரன் என்று கத்தியது. அப்படியானால் கடைசிப் பந்தில் இரண்டுதான் வேண்டும், அடிக்கப் போவதும் அவன்தான். கப்பு எங்களுக்கு என்று நான்கூட நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலை டீமில் ஒருவன்கூட அவுட் கேட்கவில்லை. கீப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என் மகனைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. மற்றவர்களும் அப்படியே நின்றார்கள். அந்த ஓரத்தில் அம்பயராக நின்றிருந்த என் மகன், கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்தான். பிறகு விரலைத் தூக்கினான்.

பிறகு என்ன நடந்தது என்று நீட்ட வேண்டியதில்லை. அடுத்து வந்தவன் கடைசிப் பந்துக்கு மட்டையைக் காற்றில் வீசினான். கப்பு மலைக்குப் போனது. என் கையால்தான் கொடுத்தேன்.

டெம்போ கிளம்பின பிறகு அக்கா மகன் என் மகன் எதிரில் வந்து நின்றான். கத்துவான் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டான்.

"அவங்க கேட்டாங்களாடா?"

"கேக்கல."

"கேக்காதத நீ இன்னாத்துக்குக் குடுத்த?"

"அவுட்டு மச்சான்."

"நான் அத கேக்கல. கேக்காதத இன்னாத்துக்குக் குடுத்தன்னு கேக்கறேன்."

பக்கத்தில் நின்றிருந்த எங்கள் பவுலர், "மொதலாளி வூட்டுப் புள்ள, தர்மம் பண்றாரு, நம்ம கப்ப எடுத்து" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அக்கா மகன் சிரிக்கவில்லை. லாரிச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தான். காலையில் வருவான் என்று வாங்கி வைத்தேன். வரவில்லை. அந்த வாரமே திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டான்.

முதலில் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் வாழ்க்கையில் எத்தனை ஸ்டிரைக் பார்த்திருக்கிறேன், எத்தனை பங்காளிச் சண்டை தீர்த்து வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு வருவான், இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கறி போட்டால் சரியாகிவிடும் என்றுதான் இருந்தேன். தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. அக்காவுக்குப் பணம் மட்டும் போனில் வந்தது. அடுத்த சித்திரையில் நான் கோப்பை வாங்கவில்லை. கேட்டவர்களிடம் ஏரியில் தண்ணீர் இருக்கிறது என்று சொன்னேன்.

அக்காவுக்கு சுகர் இருந்தது. அவன் போன மூன்றாம் வருஷம் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் காட்டினோம், சேலத்துக்குக் கொண்டுபோனேன். இருதயம் பெருத்துவிட்டது, இனிமேல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார்கள். பெரிய டாக்டரை வீட்டுக்கே கூட்டி வந்தேன். வந்தவரும் அதையேதான் சொன்னார்.

ஒருநாள் மத்தியானம் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு அக்கா சொன்னாள்:

"தம்பி, நான் உன்ன எப்பனாச்சும் எதுனா கேட்டுருக்கனா?"

"இல்ல."

"உம் புள்ளைய ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. நான் பண்ணது தப்புன்னு சொல்லச் சொல்லு. அவன் வந்துருவான்."

"அது ஆட்டம்க்கா. அதுல இன்னா தப்பு, இன்னா சரி."

"எனக்கு ஆட்டம் தெரியாது. எம் புள்ள வூட்டுக்கு வரணும். கண்ண மூடறதுக்குள்ள வரணும்."

பூமியில் எனக்கு அவள் ஒருத்திதான் கேட்க உரிமை உள்ளவள். அவள் கேட்டது ஒரு வார்த்தை. இவ்வளவுதானா, சாயங்காலத்துக்குள் முடித்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மகனிடம் சொன்னேன். "அத்தைக்காக எது வேணா செய்றேன்ப்பா. அவுட் இல்லன்னு மட்டும் சொல்ல மாட்டேன்" என்றான். திட்டினேன். கேட்டுக்கொண்டு நின்றான். அவனும் என் பிடிவாதத்தில் பிறந்தவன்தானே.

எனக்குப் படிப்பு இல்லை என்றாலும் எந்தக் காரியத்தையும் மேலே கொண்டுபோய்க் கேட்டுத் தெரிந்துகொள்வேன். கள்ளக்குறிச்சியில் ஓய்வு பெற்ற விளையாட்டு வாத்தியார் ஒருவர் இருந்தார். கிரிக்கெட் சட்டம் முழுக்க அவருக்கு மனப்பாடம். போய் நடந்ததைச் சொன்னேன்.

"பீல்டிங் சைடு கேக்காம அம்பயர் அவுட் குடுக்கக் கூடாதுங்க. அது சட்டம்" என்றார்.

"அவுட்டா இருந்தாலுமா?"

"அவுட்டா இருந்தாலும். அடுத்த பந்து போடறதுக்குள்ள அவங்க கேட்டாத்தான். ஆனா ஒண்ணு, நான் அவுட்டுன்னு தெரிஞ்சு பேட்ஸ்மேன் தானா வெளிய போனா போலாம். அத யாரும் தடுக்க முடியாது."

முதல் பாதிதான் எனக்கு வேண்டியது. நேராக எடைமேடைக்கு வந்தேன். சட்டப்படி நீ செய்தது தப்பு, அதைச் சொல்வதில் உனக்கு என்ன பொய் வந்துவிடப் போகிறது என்று மகனைக் கேட்டேன். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அவன், "அந்த ரூலு எனக்கு அன்னிக்கே தெரியும்ப்பா" என்றான்.

"தெரிஞ்சும் ஏன்டா குடுத்த?"

"அவங்க ஏன் கேக்கலன்னு எனக்குத் தெரியும். நீ வேணா போய் அவங்களையே கேளு."

மறுநாளே போனேன். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் ஏறி, அந்தக் கீப்பர் பையனின் காட்டுக்கே போய் நின்றேன். கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தான். நான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்பதே அவனுக்குப் பயமாகப் போய்விட்டது. கிழங்கில் எதாவது குறையா மொதலாளி என்று கேட்டான். அதெல்லாம் இல்லை என்று சொல்லி, பைனலைப் பற்றிக் கேட்டேன்.

"அது அவுட்டா?"

"அவுட்டுங்க. ஒரு சாண் இருந்துச்சு."

"பின்ன ஏன் கேக்கல?"

அவன் கையிலிருந்த மண்ணைத் தட்டினான்.

"உங்க கப்புங்க. உங்க ஏரி. உங்க அக்கா மவன். கேட்டா குடுப்பாங்களோ மாட்டாங்களோ. கேட்டு இல்லன்னுட்டா மறுபடி கீழ வந்து உங்க மூஞ்சில முழிக்கணும்ல. கெழங்கு போடணும்ல. எங்கப்பா பாயிண்டே கேட்டதில்லீங்க."

சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று என் முகத்தைப் பார்த்தான்.

என் மில்லில் பாயிண்டில் ஏமாற்று கிடையாது. இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அதை அவனிடம் சொன்னேன். "நீங்க குடுக்கறது சரியாத்தாங்க இருக்கும்" என்றான். சரியாக இருக்கிறது என்று சொல்லவில்லை. சரியாக இருக்கும் என்றான். ஒரு மூட்டை கிழங்கு எடுத்து வண்டியில் போட்டான். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. கீழே இறங்கும்போது டிரைவர் ஏதோ பேசிக்கொண்டு வந்தான், ஒன்றும் காதில் ஏறவில்லை.

மகனிடம் போய் வந்ததைச் சொன்னேன். அவன் என்னைக் குத்திக்காட்டவில்லை. "திருப்பூருக்குப் போலாம்ப்பா, ரூலு தப்புன்னு சொல்லிடறேன். அது உண்மைதான" என்றான்.

அன்றே கிளம்பினோம். அக்கா மகன் தங்கியிருந்தது ஒரு சந்துக்குள், தகரக் கூரை போட்ட வரிசை அறைகளில் ஒன்று. ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் "வாங்க மாமா" என்றான். என் மகனைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். இருந்த ஒரு நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு டீ வாங்கி வந்தான். மூன்று டீ.

அம்மாவுக்கு முடியவில்லை என்று சொன்னேன். தெரியும் என்றான். என் மகன் டீயைக் கீழே வைத்தான்.

"மச்சான், நான் குடுத்தது ரூல்படி தப்பு. கேக்காம குடுக்கக் கூடாது. அத சொல்லத்தான் வந்தேன்."

"அவுட்டா இல்லியா?"

என் மகன் என்னைப் பார்த்தான். நான் கண்ணாலேயே கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவன் நான்.

"அவுட்டு" என்றான்.

அக்கா மகன் சிரித்தான். கோபச் சிரிப்பு இல்லை.

"அது எனக்குத் தெரியாதாடா? ஓடினவன் நான். பேட்டு வெளிய இருந்தது எனக்குத்தான் மொதல்ல தெரியும்."

"பின்ன இன்னா மச்சான்?"

"நான் மண்ணத் தட்டிக்கினு எழுந்திரிச்சேன். அவங்க கேக்கல. நீயும் ஒண்ணும் சொல்லல. ஊரே ரெண்டு ரன்னுனு கத்துது. அம்மா அங்க உக்காந்துக்கினு இருக்குது. நானா நடந்து போயிருப்பேன்டா. யாரும் கேக்காம, யாரும் சொல்லாம, நானே போயிருப்பேன். ஒரு நிமிசம் குடுத்தியா நீ?"

என் மகன் தலை குனிந்துகொண்டான்.

"நீ கைய தூக்கிட்ட. எல்லாரும் இன்னா சொன்னாங்க? மொதலாளி மவன் யோக்கியன், சொந்த அத்த மவனையே அவுட் குடுத்தான்னாங்க. நான் அவுட்டான பய. நல்லா ஆட்றேன்னு பேரு இருந்துச்சு எனக்கு. நல்லவன்னு ஒரு பேரு அன்னிக்கு வந்துருக்கும், அதுவும் எங்கம்மா முன்னால. உங்க வூடு கப்பு குடுக்கற வூடு மாமா. அந்தப் பேரும் உங்களுக்கேதான் வரணுமா?"

கடைசியில் என்னைப் பார்த்துத்தான் கேட்டான். வாத்தியார் சொன்ன இரண்டாவது பாதி அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. தானாக வெளியே போனால் போகலாம், யாரும் தடுக்க முடியாது. என் மகன் தடுத்துவிட்டான். இதற்கு எந்தச் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எந்த வாத்தியாரிடம் போய்க் கேட்பது?

நிஜமாகவே அவன் போயிருப்பானா என்று அந்த இடத்திலேயே எனக்குள் ஒரு கேள்வி வந்தது. வியாபாரி புத்தி. யாரும் கேட்காத அவுட்டுக்கு, கப்பை விட்டுவிட்டு, இருபத்தைந்து வயசுப் பையன் தானாக நடந்து போவானா? போகலாம். போகாமலும் இருக்கலாம். வருஷக்கணக்கில் தகரக் கூரைக்குக் கீழே படுத்து அவனே அப்படி நினைத்து நினைத்து, அதுதான் நடந்திருக்கும் என்று ஆக்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் அதை அவன் முகத்துக்கு நேரே கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் கேட்காததும் அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"வந்துரு மச்சான், அத்த உன்னையே கேட்டுக்கினு இருக்குது" என்றான் என் மகன்.

"ஆர்டர் ஜாஸ்தி. இந்த லாட் முடியட்டும். ஞாயித்துக்கெழம வரேன் மாமா" என்று என்னிடம் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறான் என்று அக்காவிடம் சொல்ல ஓடி வந்தேன். வீட்டில் இல்லை. மூச்சு ஏறி, மில் ஆட்கள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மூக்கிலும் வாயிலும் குழாய். காதுக்குப் பக்கத்தில் குனிந்து, அவன் வருகிறான், ஞாயிற்றுக்கிழமை வருகிறான் என்று சொன்னேன். கேட்டதோ இல்லையோ. இன்னொன்றும் கேட்க வாயெடுத்தேன். கேட்கிற நிலையில் அவள் இல்லை. அன்று விரல் தூக்கினபோது நான் மகனைப் பார்த்தேன். ஊர் ஜனம் முழுக்க அவன் விரலைத்தான் பார்த்தது. ஆட்டம் தெரியாத அக்கா ஒருத்திதான், மண்ணிலிருந்து எழுந்த தன் பிள்ளையைப் பார்த்திருப்பாள். அவன் எந்தப் பக்கம் திரும்பினான், அடுத்த பந்தை ஆட ஸ்டம்ப் பக்கமா, வெளியே போக மர நிழல் பக்கமா என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் போய்விட்டாள்.

அவன் வந்தான். மொட்டை அடித்து, கொள்ளி வைத்தான். பாடை தூக்கும்போது முன்னால் அவன் ஒரு பக்கம், என் மகன் ஒரு பக்கம். தோள் மாற்றும்போது என் மகன் கையை அக்கா மகன் பிடித்து உதவினான். ஏரிக்கரை வழியாகத்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். ஏரியில் அந்த வருஷம் நிஜமாகவே தண்ணீர் இருந்தது.

காரியம் முடிகிற வரை அந்த ஓட்டு வீட்டிலேயே இருந்தான். இங்கேயே இரு, லாரி எடு, இல்லையென்றால் லாரியையே உன் பேருக்கு எழுதிவிடுகிறேன் என்று சொன்னேன்.

"குடுக்காதீங்க மாமா" என்றான். "எப்பவும் நீங்களே குடுத்துக்கினு இருக்கீங்க."

மறுநாள் காலை அவனைச் சின்னசேலம் ஸ்டேஷனில் விட என் மகன்தான் பைக் எடுத்தான். நான் சொல்லவில்லை. மில் வாசலில் நின்று பார்த்தேன், இரண்டு பேரும் போவதை. பின்னால் உட்கார்ந்தவன் பையை மடியில் வைத்திருந்தான், முன்னால் இருப்பவன் தோளைப் பிடிக்கவில்லை. வேகத்தடையில் பைக் குதித்தபோது பிடித்தான். மறுபடி எடுத்துவிட்டான்.

போய்த் திரும்பி வர நேரமாகிவிட்டது. வந்ததும் கேட்டேன்.

"பேசினீங்களா?"

"வண்டி வர லேட்டு. ஒரே பெஞ்சிலதான் உக்காந்திருந்தோம்."

"பேசினீங்களாடா?"

"இல்லப்பா."

கொஞ்ச தூரம் போனவன் திரும்பி வந்தான். அன்றைக்கு மரத்தடியில் அத்தையோடு உட்கார்ந்திருந்தது யார் யார் என்று கேட்டான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண்களை எல்லாம் நான் காரியத்தன்றே விசாரித்துவிட்டேன். எல்லாரும் விரலைத்தான் பார்த்திருக்கிறார்கள். அதைச் சொன்னேன்.

மலையிலிருந்து கிழங்கு லாரி ஒன்று வந்து மேடையில் ஏறி நின்றிருந்தது. அவன் எடைபோடப் போனான். பாயிண்ட் பார்த்து முடித்ததும், லாரியோடு வந்திருந்த பெரியவரைக் கைகாட்டிக் கூப்பிட்டு, "நீங்களே ஒருவாட்டி பாத்துக்கோங்க" என்றான். பெரியவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அவன் விடவில்லை. மறுபடியும் கூப்பிட்டான். அவர் இருந்த இடத்திலிருந்து நகரவில்லை.